ஒரு நூல் தளர்வு

அந்தத் தெருவில் நாலு தையல்கடை இருந்தாலும், உடம்பு பெருத்துப்போனவர்கள் கூச்சப்படாமல் போய் நிற்கிற கடை ஒன்றே ஒன்றுதான். புதுத்துணி தைப்பதில் அந்தத் தையற்காரர் அப்படியொன்றும் பெரிய கில்லாடி இல்லை. ஆனால் தைத்த துணியைப் பிரித்துத் திருத்துவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. போன வருஷம் சரியாக இருந்த கால்சட்டை இப்போது வயிற்றைக் கவ்வுகிறது என்று யாராவது வந்தால், "என்ன சார், சாப்பாடு பலமா?" என்று மானத்தை வாங்குகிற ரகம் இல்லை அவர். "துணி சுருங்கியிருக்கும் சார்" என்பார். உள்பக்கம் மடித்து விட்டிருக்கிற துணியை இழுத்து ஒரு நூல், இரண்டு நூல் தளர்த்திக் கொடுப்பார். நூல் என்றால் டேப்பில் இரண்டு அங்குலக் கோடுகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற சின்னக் கோட்டின் அளவு, அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவ்வளவுதான். வாங்கிப் போகிறவருக்கு மூச்சும் திரும்பி வரும், மானமும் தப்பும்.

யாருக்கும் எதுவும் இறுக்கக் கூடாது, அதுதான் அவருடைய குணம். இரக்க குணம் என்று சொன்னாலும் சரி, அசட்டுத்தனம் என்று சொன்னாலும் சரி. "இவர்கிட்ட திருடனைப் புடிச்சுக் குடுத்தா, கட்டின கயிறு வலிக்குதாப்பான்னு கேட்டுக் கொஞ்சம் தளர்த்தி விடுவார்" என்று மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

மனைவிக்கும் கத்தரிக்கோல்தான் பிழைப்பு. ஆனால் அவள் வெட்டியது துணியை அல்ல, முடியை. இரண்டு தெரு தள்ளி அவளும் அவள் தங்கையும் சேர்ந்து பெண்களுக்கான முடிதிருத்தும் கடை நடத்தினார்கள். தங்கைக்குப் பேச்சு சாமர்த்தியம்; அக்காவுக்குக் கை சாமர்த்தியம். முடி வெட்டுகிற கத்தரியின் வளையங்களில் கட்டைவிரலும் மோதிரவிரலும்தான் நுழையும். சுண்டுவிரல் ஓரத்துக் கொக்கியின் மேல் சும்மா உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். ஆனால் கத்தரியின் நடுக்கமெல்லாம் அந்த விரலில்தான் அடங்கும். "அக்கா கைதான் வேணும்" என்று காத்துக்கிடக்கிறவர்கள் எப்போதும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள்.

அந்தக் கையில்தான் மெழுகு கொட்டியது.

கைகால் முடி எடுக்கிற மெழுகை உருக்க மின்பாத்திரம் ஒன்று வைத்திருந்தார்கள். சூடு ஏறியதும் அது தானாக நிற்க வேண்டும், அன்றைக்கு நிற்கவில்லை. யாரோ வயரில் கால் இடறி, கொதித்துக்கொண்டிருந்த பாத்திரம் மேஜை விளிம்பிலிருந்து சரிந்தது. கீழே நாற்காலியில் ஒரு சின்னப்பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் விழாமல் தட்டிவிடக் கை நீட்டியவள் தையற்காரரின் மனைவி. வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும். மெழுகு ஓடாது. அவளுடைய வலது புறங்கையில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு, ஆறுகிற வரைக்கும் உள்ளே சுட்டுக்கொண்டே இருந்தது.

ஆஸ்பத்திரியில் வெந்த தோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோலை மெல்லிசாகச் சீவி, அதில் பொடிப்பொடி ஓட்டைகள் போட்டு, வலை மாதிரி இழுத்துப் புறங்கையில் பரப்பினார்கள். டாக்டர் இதை விளக்கியபோது தையற்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் துணிக்காரன் கண் துணியில்தானே போகும்? கட்டு மாற்றும்போதெல்லாம் பக்கத்தில் நின்று, கட்டுத்துணியில் வெட்டி எறிந்த ஓரத்துண்டுகளை எடுத்து விரலால் உருட்டிப் பார்ப்பார்.

"சிஸ்டர், இது என்ன துணி? பஞ்சு மாதிரியும் இருக்கு, பஞ்சு இல்ல."

"அது துணியே இல்ல சார். கடல்பாசியிலேர்ந்து எடுக்கிற நார். தோல் எடுத்த இடத்துல வைக்கிறோம் பாருங்க, அங்க கசியற நீரைக் குடிச்சுக் கூழ் மாதிரி ஆயிடும். புண்ணு காயாம ஈரமாவே இருக்கும்."

"கையில வெச்சிருக்கீங்களே, அந்த வலை?"

"அதுல சிலிக்கோன் பூசியிருக்கும். ஒட்டும், ஆனா பிடுங்காது. முன்னாடியெல்லாம் வெறும் பஞ்சுத்துணிதான். காய்ஞ்சு புண்ணோட ஒட்டிக்கும். பிரிக்கறப்ப புதுசா வந்த தோலும் சேர்ந்து வந்துரும். கத்தற கத்தல்ல வார்டே அதிரும். இப்ப பாருங்க, உங்க வீட்டம்மா கதை பேசிக்கிட்டே கட்டு மாத்திக்கறாங்க."

தையற்காரருக்கு ஒரே ஆனந்தம். ஒட்டியும் ஒட்டாத துணி, நீரைக் குடிக்கிற துணி, தொட்டால் வெண்ணெய் போல வழுக்குகிற துணி. இத்தனை வருஷம் துணியோடு மல்லுக்கட்டியவருக்கு இப்படியெல்லாம் இருக்கிறது என்றே தெரியாது. வைத்தியம் என்றால் மென்மை, புண்ணுக்கு எதுவும் உறுத்தக் கூடாது என்று அவர் மனசில் அழுத்தமாகப் பதிந்துவிட்டது. அந்த எண்ணம்தான் பின்னால் வினையாகப் போயிற்று.

தோல் பிடித்தது. காயம் ஆறியது. எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விட்டபோதுதான் அந்தக் கையுறை வந்தது.

தோல் நிறத்தில், ரப்பர் இழை சேர்த்து நெய்த துணியில், விரல் விரலாக அளவெடுத்துத் தைத்தது. மாற்றிப் போட இரண்டு. உள்ளே தழும்பின் மேல் வைக்க வழவழப்பான ஒரு சிலிக்கோன் தகடு. ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் ஒருத்தி இருந்தாள். எல்லாரும் பிசியோ அம்மா என்பார்கள். அவள்தான் மாட்டிவிட்டாள். மாட்டுவதற்குள் மனைவிக்கு வியர்த்துக் கொட்டிவிட்டது.

"குளிக்கறப்ப, மருந்து தடவறப்ப மட்டும் கழட்டலாம். மத்தபடி ராத்திரி பகல் கையிலதான் இருக்கணும்" என்றாள் பிசியோ அம்மா. "புதுத் தோலுக்கு அடியில சதை எங்க நிறுத்தணும்னு தெரியாம வளர்ந்துக்கிட்டே போகும்மா. மேலேர்ந்து அழுத்திக்கிட்டே இருந்தாத்தான் அடங்கும். விட்டா கயிறு மாதிரி திரண்டு விரலைப் பின்னாடி இழுத்துரும். அப்புறம் மடக்கவே முடியாது. விரல் நீலமானாலோ மரத்துப் போனாலோ உடனே ஓடி வாங்க. சும்மா இறுக்குதுன்னா பொறுத்துக்கங்க. இறுக்கம்தான் இதுக்கு மருந்து."

தையற்காரர் பக்கத்தில்தான் இருந்தார். ஆனால் அவருடைய காது அங்கே இல்லை. விரலிடுக்கில் தையல் உறுத்தாமல் எப்படித் தட்டையாகப் போட்டிருக்கிறான் என்று இன்னொரு கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சோதனை ஆரம்பித்தது. அரிப்பென்றால் அரிப்பு, அப்படியொரு அரிப்பு. சொறியவும் முடியாது. கை முழுக்க யாரோ இறுக்கிப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிற மாதிரி இருந்தது அவளுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு போட்டுக்கொண்டாள். கழற்றித் தரச் சொல்லி ஒருநாள்கூடக் கேட்டதில்லை. தங்கை கடையில் தனியாகத் திண்டாடுகிறாள், தன் நாற்காலி காலியாக இருக்கிறது, சீக்கிரம் போய் நிற்க வேண்டும் என்பதே பேச்சு. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவள் இடது கையால் சோற்றைப் பிசைய முடியாமல் பிசைந்து, சட்டென்று தட்டைத் தள்ளிவிட்டு அழுதுவிட்டாள்.

"கையை வெட்டிப் போட்டுடலாம் போலருக்குங்க" என்றாள்.

அழுது முடித்து முகம் கழுவிக்கொண்டு அவளே வந்து சாப்பிட்டாள். சாப்பிட்டவள் அதை மறந்தும்விட்டாள். மறக்காதவர் அவர்தான்.

அன்று சாயங்காலம் துவைத்துக் காயப்போட்ட கையுறையைக் கடைக்கு எடுத்துப்போனார். விளக்கைத் தாழ்த்தி இழுத்து வைத்துக்கொண்டு, மோதிரவிரல், சுண்டுவிரல் ஓரத்துத் தையலைப் பிரித்தார். மடிப்பில் துணி கொஞ்சம்தான் இருந்தது. ஆனாலும் ஒரு நூல் விட இடம் இல்லாமலா போகும்? கை ஓரமாக மணிக்கட்டு வரைக்கும் ஒரு நூல் தளர்த்தி, பழைய ஊசித் தடம்கூடத் தெரியாமல் தைத்து முடித்தார். மாற்றுக் கையுறையையும் மறுநாள் அப்படியே செய்தார். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். எப்போதும் அப்படித்தான், தனக்கு ஒரு சௌகரியம் என்றால் வேண்டாம் என்பாள்.

"இன்னிக்குப் பரவால்லைங்க. பழகிடுச்சு போலருக்கு" என்றாள் அவள், முகமெல்லாம் மலர்ந்து.

அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் இவருக்குத் தலைகால் புரியவில்லை. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு நூல் தளர்த்தினார். அவள் நன்றாகத் தூங்கினாள். இரண்டு பேரும் நிம்மதியாக இருந்த நாட்கள் அவை.

மருந்து தடவும்போது அவள்தான் முதலில் கவனித்தாள்.

"இங்க கொஞ்சம் தடிச்சிருக்கில்ல?"

"ஆறுற புண்ணு அப்படித்தான் இருக்கும். போகப்போகச் சரியாயிடும்" என்றார், ஏதோ பத்து டாக்டருக்குப் படித்தவர் போல.

பிறகு அந்தத் தடிப்பு சிவந்து, முறுக்கின நூல்கண்டு மாதிரி மேலே எழும்பியது. சுண்டுவிரல் கொஞ்சம் கொஞ்சமாக மேல்பக்கம் தூக்கிக்கொண்டது. மோதிரவிரலும் அதன் பின்னாலேயே போயிற்று. மடக்கச் சொன்னால் மற்ற விரல்கள் மடங்கும், இவை இரண்டும் யாருக்கோ வழிகாட்டுகிற மாதிரி நிமிர்ந்து நிற்கும். அவள் கத்தரியை எடுத்து விரலை நுழைத்துப் பார்த்தாள். வளையம் வரைக்கும் விரல் வளையவில்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பிசியோ அம்மா கையைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"கையுறை போடறீங்களா?"

"போடறேன் மேடம். குளிக்கறப்ப மட்டும்தான் கழட்டறேன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க." கையுறைக்குள் தன் விரலை விட்டாள் அவள். சுலபமாக உள்ளே போயிற்று. "பாருங்க. புதுசுல நகம்கூட நுழையாது. நினைச்சப்பல்லாம் இழுத்து இழுத்துக் கழட்டினாத்தான் இவ்வளவு சீக்கிரம் தளரும்."

"சத்தியமா இல்லை மேடம்."

"என்கிட்ட சத்தியம் பண்ணி என்ன ஆகப்போகுது? உங்க கையே சொல்லுதே."

மனைவி திரும்பித் தையற்காரரைப் பார்த்தாள். "நீங்களே சொல்லுங்க. நான் கழட்டினேனா?"

தையற்காரருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இறுக்கம்தான் மருந்து என்று அன்றைக்கு அந்த அம்மாள் சொன்னது, இவ்வளவு நாள் எங்கேயோ ஒளிந்திருந்துவிட்டு, இப்போது காதில் வந்து விழுந்தது. மேஜைமேல் கிடந்த கையுறையைப் பார்த்தார். எடுத்து உள்பக்கம் திருப்பிக் காட்டினால் போதும். வாயைத் திறந்தார்.

"இல்ல மேடம். போட்டுக்கிட்டுதான் இருக்கா" என்றார்.

உண்மையின் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மென்று விழுங்கிவிட்டார்.

"வீட்டுக்காரர் விட்டுக்குடுப்பாரா?" என்று சிரித்தாள் பிசியோ அம்மா. சிரிப்பு வந்த வேகத்தில் போயிற்று. "புதுசுக்கு அளவெடுக்கறேன். இதையாவது ஒழுங்கா போடுங்க."

டாக்டர் அதற்கு மேல் போனார். தழும்பை வெட்டிவிட்டு, இன்னொரு தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்தால் விரல் மடங்க வாய்ப்பிருக்கிறது என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு அவரே கதவையும் சாத்தினார். "ஆனா கையுறை போட மாட்டேங்கறவங்களுக்குத் திரும்பத் தோல் வெச்சு என்ன பிரயோஜனம்? அதுவும் இதே மாதிரி திரண்டுக்கும். முதல்ல நீங்க ஒத்துழைக்கறீங்கன்னு பார்க்கறேன். அப்புறம் யோசிக்கலாம்."

மனைவி தப்பு செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்துக்கொண்டு அவர் சும்மா இருந்தார். வெளியே வந்ததும் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். வெளியே வந்ததும், பஸ்ஸில் சொல்லலாம் என்று நினைத்தார். பஸ்ஸில் கூட்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவள் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் பழைய கையுறைகளைக் கடைக்கு எடுத்துப்போய், தளர்த்தியதை எல்லாம் திரும்பப் பிடித்துத் தைத்தார். தளர்த்தத் தெரிந்த கைக்கு இறுக்கத் தெரியாதா? தையல் சொன்னபடி கேட்டது. தழும்புதான் கேட்கவில்லை.

"திடீர்னு இறுக்குதுங்க. கை வீங்கிடுச்சா?" என்று அவள் கேட்டாள்.

"இருக்கும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே தன் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. புதுக் கையுறைகள் வந்தபோது அவற்றின் பக்கமே அவர் போகவில்லை.

அக்கா கையுறையை ஒழுங்காகப் போடவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னது மச்சினி காதுக்கும் போயிற்று. பேசிப்பேசியே கடையை ஓட்டுகிறவள், அக்காவிடம் மட்டும் அடக்கியா பேசுவாள்? "ஏங்க்கா, ஒரு கையுறை போடறதுக்கு அவ்வளவு கஷ்டமா? சின்னப்புள்ளையா நீ? மாமா, நீங்களாவது கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பார்த்துக்கக் கூடாதா?" என்று பொரிந்து தள்ளினாள். போகும்போது, கொஞ்சம் தயங்கி, அக்கா நாற்காலிக்கு வேறொரு பெண்ணைப் போட்டிருப்பதாகச் சொன்னாள். "தற்காலிகமாத்தாங்க்கா. நீ வந்ததும் அனுப்பிடுவேன்."

"போடு, போடு. கூட்டம் காத்திருக்குமா?" என்றாள் அக்கா.

ஒரு மத்தியானம் மனைவி தையல்கடைக்கு வந்தாள். சாதாரணமாக அந்த நேரத்தில் வருகிறவள் இல்லை. வாடிக்கைக்காரர்கள் உட்காருகிற முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். கையில் புதுக் கையுறை.

"ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது."

"சொல்லு."

"இதை என் முழுக்கைச் சட்டையோட சேர்த்துத் தச்சு விட்டுடுங்க."

அவருக்குப் புரியவில்லை. மெஷினை நிறுத்தினார்.

"குளிக்கறப்ப நீங்களே பிரிச்சு விடுங்க. குளிச்சிட்டு வந்ததும் மறுபடி தைங்க. நான் தூக்கத்துல கழட்டிடறேன் போலருக்குங்க, எனக்கே தெரியாம. கழட்டிட்டு, விடியறதுக்குள்ள மாட்டிக்கறேனோ என்னவோ. இல்லைன்னா எப்படி? அந்தம்மா பொய் சொல்றாங்களா, டாக்டர் பொய் சொல்றாரா? என் தங்கச்சியே நம்பல. யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன், எனக்கே என் கை மேல நம்பிக்கை போயிடுச்சு." சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். "நல்லா கெட்டியா தைங்க. நான் இழுத்தாலும் வரக்கூடாது."

தையற்காரர் ஊசியை எடுத்தார். நூலை எடுத்தார். கோர்த்து முடிச்சும் போட்டார். அவள் கையை நீட்டியபடியே காத்திருந்தாள்.

"நீ கழட்டல" என்றார்.

"உங்களுக்கென்ன தெரியும், குறட்டை விட்டுத் தூங்கிக்கிட்டிருப்பீங்க."

"நீ கழட்டல. நான்தான் பிரிச்சேன்."

"எதைப் பிரிச்சீங்க?"

சொன்னார். ஒரு நூல், பிறகு இன்னொரு நூல், பிறகு திரும்ப இறுக்கியது, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்க முடியாமல் ஊசியைப் பார்த்துச் சொன்னார். "உனக்கு வலிக்குதேன்னுதாம்மா..." என்று ஆரம்பித்து, ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

கால்சட்டையோடு ஒருவர் படியேறி வந்தார். "நாளைக்கு வாங்க சார்" என்றார் தையற்காரர். வந்தவர் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு மறுபேச்சில்லாமல் இறங்கிப் போனார்.

"எப்போ பிரிச்சீங்க?" அவள் குரல் உயரவே இல்லை.

"அந்த ஞாயித்துக்கிழமை. நீ சாப்பிட முடியாம அழுதியே, அன்னிக்கு."

"அப்ப, அந்தம்மா என்னைக் கேக்கறப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"டாக்டர் முடியாதுன்னு சொன்னப்ப?"

"தெரியும்."

"என் தங்கச்சி வந்து கத்தினாளே, அப்ப?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"பிரிச்சதுக்குக்கூட நான் ஒண்ணும் சொல்ல மாட்டேங்க. புத்தியில்லாத பாசம்னு விட்டுடுவேன். நான் பொய்க்காரியா நின்னேன். பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தீங்களே, அது என்னதுங்க?"

அது என்னவென்று அவருக்கும் தெரியவில்லை. பயம் என்று சொல்லலாம். யாருக்குப் பயப்பட்டார்? பிசியோ அம்மாள் அடித்துவிடுவாளா, டாக்டர் பிடித்துக் கொடுத்துவிடுவாரா? நல்லவர் என்று பேர் வாங்கியே பழகியவருக்கு, அந்தப் பேர் போய்விடுமே என்கிற பயம். அந்தப் பேரைக் காப்பாற்ற அவள் பேரைக் கொடுத்துவிட்டார். இது தெளிவாகத் தெரிந்தபோது, உட்கார்ந்திருந்த இடத்திலேயே அவருக்கு உடம்பு கூசியது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள் அவள் எழுந்துகொண்டே. "என் முன்னாடி நீங்களே சொல்லணும். ஒரு வார்த்தை விடாம."

போனார்கள். பஸ்ஸில் அவள் முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பிசியோ அம்மாவின் அறையில் நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொன்னதற்கும் உட்காரவில்லை. பூசி மெழுகவில்லை, வலிக்குதே என்று செய்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. பழைய கையுறையை மேஜைமேல் வைத்தார். அவள் அதை எடுத்து உள்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தாள்.

"எங்க பிரிச்சீங்க? எனக்குத் தெரியவே இல்லையே."

விரலால் தொட்டுக் காட்டினார். பழைய தையல் போன வழி, தளர்த்திய வழி, திரும்ப இறுக்கிய வழி. அவ்வளவு சுத்தமான வேலையை அவர் வாழ்நாளில் செய்ததில்லை. பிசியோ அம்மா அவரை ஒன்றும் திட்டவில்லை. திட்டினால் தேவலாம் என்றிருந்தது. அவள் கையுறையைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியைத் திருப்பி மனைவியைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்கங்கம்மா. நான் உங்களை அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

மெழுகு கொட்டிய அன்றைக்கும் அழாதவள், கட்டு மாற்றும்போதும் கதை பேசிக்கொண்டிருந்தவள், அந்த ஒரு வார்த்தைக்கு உடைந்துபோனாள். தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். அவர் இரண்டடி முன்னால் போனார். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அவர் நின்றுவிட்டார்.

"டாக்டர்கிட்ட நானே பேசறேன்" என்றாள் பிசியோ அம்மா. "ஆபரேஷன் பண்றேன்னு சொல்வார்னு நினைக்கறேன். ஆனா பழைய மாதிரி முழுசா வரும்னு என்னால வாக்குக் குடுக்க முடியாதும்மா. சுண்டுவிரல் மடங்கறது சந்தேகம்தான். ஆபரேஷனுக்கு முன்னாடி விரல் மூட்டு இறுகிப் போகாம பார்த்துக்கணும். இன்னியிலேர்ந்தே மடக்க ஆரம்பிக்கலாம். வலிக்கும். நல்லாவே வலிக்கும்."

"வலிக்கட்டும் மேடம். இவர் மட்டும் வெளிய இருக்கட்டும்."

"பக்கத்துல இருந்தா உங்களுக்குத் தைரியமா இருக்குமே?"

"வேணாம் மேடம். இவர் எதிர்ல எனக்கு வலிக்கக்கூட பயமா இருக்கு."

தையற்காரர் வெளியே வந்தார். கதவு சாத்திக்கொண்டது. வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது. காலில் கட்டோடு ஒரு பெரியவர் அதில் உட்கார்ந்து காத்திருந்தார். அவர் நகர்ந்து இடம் கொடுத்தார், இவர் உட்கார்ந்தார்.

பிறகு உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. அது பெரிதாகி அலறலாக வெடித்தது. தையற்காரரின் உடம்பு தானாக எழுந்தது. பிசியோ அம்மா ஏதோ கேட்பது மெதுவாகக் காதில் விழுந்தது. அதற்குப் பதில் சொன்ன குரல் கதவைத் தாண்டித் தெளிவாகவே வந்தது: "நிறுத்தாதீங்க மேடம். இன்னும் மடக்குங்க."

அவள் எல்லாவற்றையும் தாங்குவாள். முதல் நாளிலிருந்தே தாங்கிக்கொண்டுதான் இருந்தாள். தாங்க முடியாமல் ஊசியைத் தூக்கியவர் அவர் ஒருவர்தான்.

மறுபடி அலறல் கேட்டது.

"உள்ள யாரு, உங்க வீட்டம்மாவா?" என்றார் பெரியவர். "பாவம், துடிக்கறாங்க. போய்க் கையையாவது புடிச்சுக்கங்களேன் சார், என்ன இப்படி நிக்கறீங்க?"

தையற்காரர் பெஞ்சில் திரும்ப உட்கார்ந்தார்.

"வரவேணாம்னு சொல்லியிருக்கா" என்றார்.